கை ஊன்றாமல் எழுவது

எனக்குக் கல்லீரல் சுருங்கிவிட்டது என்ற சேதி தெருவில் பரவியதும், எல்லோரும் முதலில் என் கணவரைத்தான் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ஈரல் கெட்டால் குடி, குடி என்றால் ஆம்பிளை என்பது ஊர் வழக்கம். அவர் குடித்து எனக்குக் கெட்டுப்போனதுபோல, "இனியாச்சும் விட்ருங்கண்ணே" என்று பால் பூத்தில் ஒருவர் அவருக்குப் புத்தி சொல்லியிருக்கிறார். இருமல் மருந்தையே முகம் சுளித்துக்கொண்டு குடிக்கிற மனுஷன் அவர். மறுத்துப் பேசத் தெரியாமல் "சரிங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். அதை வந்து என்னிடம் ஒப்பித்தபோது வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்போதெல்லாம் எனக்குச் சிரிக்கத் தெம்பு இருந்தது.

எனக்கு வந்தது சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்து செய்த வேலை. மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இரண்டு வேளை மாத்திரை, மாதம் ஒரு ரத்தப் பரிசோதனை என்று காலத்தை ஓட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். நோய் என்றால் வலிக்கும், காய்ச்சல் அடிக்கும், மஞ்சள் தட்டும், அதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். நாற்காலியிலிருந்து எழுந்திருப்பது ஒரு காரியமாகிவிடும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அது ஒரே நாளில் வரவில்லை. வந்ததும் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் எடை பார்ப்பார்கள். போன தடவை இருந்த அதே எடை. "எடை எறங்கல பாத்தியா, அதான் முக்கியம்" என்று என் கணவர் சந்தோஷப்படுவார். வயிறு மட்டும் உப்பிக்கொண்டே வந்தது. திருநகரில் எங்கள் வீதியில் ஒரு அம்மா, "உடம்பு நல்லா தேறிட்டீங்க டீச்சர்" என்றுகூடச் சொன்னாள். வயிற்றில் நீர் ஏற ஏற, தோளிலும் தொடையிலும் சதை இறங்கிக்கொண்டிருந்தது. கூட்டுத்தொகை சரியாக வந்ததால் யாரும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. ஒரு நாள் ஊசி செருகி வயிற்று நீரை வடித்து எடுத்தார்கள். அன்று சாயங்காலம் குளிக்கப் போனவள் என் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன். முழங்கால் எலும்பு பெரிதாகத் தெரிந்தது, அதற்கு மேலே தொடை இருக்க வேண்டிய இடத்தில் தோல் தொங்கியது. அது என் கால் என்று நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கோயிலில்தான் ஊருக்கு முதலில் தெரிந்தது. எங்கள் பங்குக் கோயிலில் நடுவில் பாய் விரித்துத் தரையில் உட்காருவோம், ஓரத்தில் வயதானவர்களுக்கு பெஞ்சு. பூசையில் உட்காருவது, எழுவது, முழங்காலிடுவது என்று உடம்புக்கு ஓயாத வேலை. முதலில் தரையை விட்டு பெஞ்சுக்குப் போனேன். பிறகு பெஞ்சை விட்டுச் சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிக்குப் போனேன். நற்செய்தி வாசிக்கும்போது எல்லோரும் எழுந்து நிற்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் எழுந்தேன், அதாவது எழுந்ததாக நினைத்தேன். உடம்பு நாற்காலியிலேயே இருந்தது. பக்கத்தில் இருந்தவள் என் தோளைத் தொட்டு, "உக்காருங்க டீச்சர், ஆண்டவர் ஒண்ணும் நெனைக்க மாட்டாரு" என்றாள். அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள், எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

ஆண்டவர் என்ன நினைத்தாரோ தெரியாது, என் கணவர் நிறைய நினைத்தார். அவருக்கு ஒரு சுபாவம். யாராவது எதையாவது சுமந்துகொண்டு போனால் அவர் கை சும்மா இருக்காது. மாட்டுத்தாவணியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் முன்னால் போகிறவர் மூட்டையின் ஒரு காதைப் பிடித்துக்கொள்வார். கேட்கவும் மாட்டார், சொல்லவும் மாட்டார். பூ மார்க்கெட்டுக்கு மல்லிகைப்பூச் சாக்கோடு போன ஒரு அம்மா திருடன் என்று நினைத்து அவரைப் பிடித்து ஏசி, கூட்டம் கூடிவிட்டது. அப்பேர்ப்பட்டவருக்குப் பெண்டாட்டியே மூட்டையாகக் கிடைத்தால் விடுவாரா? நான் நாற்காலியில் அசைந்தால் போதும், அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்திவிடுவார். தண்ணீர் கேட்க வாயைத் திறக்கும் முன்னால் டம்ளர் வந்துவிடும். தட்டு மடிக்கு வந்தது. சீப்பும் துண்டும் செருப்பும் இருந்த இடத்துக்கே வந்தன. கொடியில் துணி காயப்போட நான் எழுந்தால், எனக்கு முன்னால் அவர் கொடியடியில் நிற்பார். மின்சார ஆபீசில் கிளார்க்காக இருந்தபோதுகூட அவர் இவ்வளவு வேலை பார்த்ததில்லை.

இது போதாதென்று அவர் ஒரு நேர்ச்சையும் வைத்திருந்தார். தவக்காலத்தில் எங்கள் வீட்டில் கறி, மீன், முட்டை கிடையாது. சுத்தபோசனம் என்று சொல்வோம். எனக்கு நோய் இன்னதென்று தெரிந்த வருடம், தவக்காலத்தின் தொடக்கத்தில் கோயிலில் முழங்காலில் இருந்து அவர் ஆண்டவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். இவளுக்குச் சுகம் கிடைக்கும் வரைக்கும் எங்கள் வீட்டுக்குள் கறியும் முட்டையும் வராது என்று. தவக்காலம் முடிந்து வந்த உயிர்ப்புத் திருநாளில் எங்கள் சனங்கள் வீடுகளில் எல்லாம் கறி கொதிக்கும் மணம் அடித்தபோது எங்கள் வீட்டில் சாம்பார் கொதித்தது. அப்போதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. மதுரைக்காரர், அதிலும் ஞாயிற்றுக்கிழமை தலைக்கறி இல்லாவிட்டால் முகம் தொங்கிப்போகிறவர், எனக்காக அதை விட்டாரே என்று அன்று எனக்கு அழுகை வந்தது. அடுத்த உயிர்ப்புத் திருநாளுக்கும் சாம்பார்தான். அன்றைக்கு அழுகை வரவில்லை, பசி வந்தது.

திருமங்கலத்திலிருந்து அவருடைய அக்கா வந்து பத்தியத்தைக் கையில் எடுத்துக்கொண்டதும் சாம்பாரும் போனது. "மஞ்சக்காமாலை கண்ட வீட்டுல பருப்ப வேக வப்பாகளா? ஈரலு தாங்காது. மோருகஞ்சிதான், சொரக்காதான்" என்று மதினி தீர்ப்புச் சொல்லிவிட்டார். அவருக்கு என் மேல் பிரியம் உண்டு. கீழாநெல்லி பறிக்க வெயிலில் வரப்பு வரப்பாக அலைந்து, முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறி வருகிறவரிடம் என்ன சண்டை போடுவது? காலையில் கஞ்சி, மத்தியானம் சுரைக்காய் போட்ட சோறு, பொழுது சாயும்போது மறுபடி கஞ்சி. அதற்குப் பிறகு விடியும் வரை பச்சைத் தண்ணீர்தான். இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். நான் நாளுக்கு நாள் கரைந்துகொண்டிருந்தேன்.

மாட்டுத்தாவணிக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எனக்கு வைத்தியம். டாக்டர் ஒரு நாள் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். மருந்தால் இனித் தாக்குப்பிடிக்க முடியாது, மாற்று ஈரல்தான் வழி என்றார். பெங்களூரில் இருக்கும் எங்கள் ஒரே மகன் தன் ஈரலில் பாதி தருகிறேன் என்று ஏற்கெனவே ஓடி வந்திருந்தான். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் அவன் ஈரலிலேயே கொழுப்பு ஏறிக் கிடந்தது. ராத்திரி பகல் பாராமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தின்றதன் பலன். என் கணவருக்கு வயது தாண்டிவிட்டது. ஆகவே இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் ஈரலுக்காகக் காத்திருப்போர் வரிசையில் என் பெயரைச் சேர்க்க வேண்டும்.

"அதுக்கு முன்னாடி உங்க உடம்பு ஆபரேஷனத் தாங்குமான்னு பாக்கணும்மா" என்றார் டாக்டர்.

ஊசி, ஸ்கேன் என்று என்னென்னவோ எதிர்பார்த்தேன். பிசியோதெரபி பார்க்கிற ஒரு சின்னப்பெண் என்னை ஒரு மர நாற்காலியில் உட்காரவைத்தாள். கையை நெஞ்சில் குறுக்காகக் கட்டிக்கொள்ளச் சொன்னாள். "கைய ஊனாம அஞ்சு தடவ எந்திரிச்சு எந்திரிச்சு உக்காரணும் டீச்சர், அம்புட்டுத்தான்" என்றாள். இவ்வளவுதானா என்று நினைத்தேன். முதல் தடவை காற்றில் ஆடுகிற மாதிரி ஆடிக்கொண்டு எழுந்துவிட்டேன். இரண்டாவது தடவை இருக்கையை விட்டு நாலு விரற்கடை எழும்பினேன், அப்படியே பொத்தென்று உட்கார்ந்தேன். மூச்சைப் பிடித்து மறுபடி முயன்றேன். எழும்பவே இல்லை. வலி ஒன்றும் இல்லை. எழு என்று நான் சொல்வது தொடைக்குப் போய்ச் சேரவே இல்லை. பத்தாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள், எல்.கே.ஜி. பிள்ளை செய்கிற காரியத்தில் தோற்றுப்போய் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கக் கூசி உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "இப்ப ஆபரேஷன் பண்ணினா புது ஈரல் பொழச்சுக்கும், நீங்க கட்டில விட்டு எந்திரிக்க மாட்டீங்க. இந்த நெலமைல பேரச் சேக்க முடியாது" என்றார். பிறகு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். என் கணவர் பெருமையாகப் பத்தியத்தை விவரித்தார். டாக்டர் பேனாவை மூடிக் கீழே வைத்தார்.

"பருப்பு ஆகாதுன்னு யாரு சார் சொன்னா?"

"எங்க அக்கா."

 டாக்டர் அவருக்கு விளக்கிச் சொன்னார். "நல்ல ஈரல் ராத்திரிக்கு வேண்டியதச் சேத்து வச்சுக்கும். இவங்க ஈரலால அது முடியாது. பொழுதோட கஞ்சியக் குடிச்சிட்டுப் படுத்தா, விடியறதுக்குள்ள உடம்பு இவங்க சதையத்தான் எடுத்துத் திங்கும். தெனமும் திங்குது சார். ஈரல் சரியில்லாதப்ப உடம்புல சேர்ற விஷத்துல கொஞ்சத்த அந்தச் சதைதான் இழுத்து முறிக்குது. அதையும் இப்பிடி விட்டா எப்பிடி?" பருப்பு, சுண்டல், தயிர், மீன், முட்டை எல்லாம் சாப்பிட வேண்டும், படுக்கப் போகும் முன்னும் எதையாவது சாப்பிட வேண்டும், உப்பு மட்டும் ஆகாது என்றார். வயிற்றில் நீர் நிற்பதால் கொஞ்சம் சாப்பிட்டாலே எனக்கு அடைத்துக்கொள்ளும், அதனால் கொஞ்சத்தில் நிறையச் சத்து இருக்க வேண்டும், அதற்கு முட்டைதான் லேசான வழி என்றார். கடைசியாக என் கணவரைப் பார்த்து, "இவங்களத் தூக்கி விடாதீங்க. இவங்க வேலைய இவங்களே செய்யட்டும். மூணு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம்" என்றார்.

 வீட்டுக்கு வந்ததும் என் கணவர் பருப்பைக் கெட்டியாக வேகவைத்துப் போட்டார். தயிர் வந்தது, சுண்டல் வந்தது. முட்டை வரவில்லை. நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு நானே கேட்டேன்.

"ஆண்டவர்ட்ட வாய் விட்டுச் சொல்லிட்டேன்" என்றார்.

"டாக்டரும் வாய் விட்டுத்தான சொன்னாரு?"

"இங்கேரு, அத நான் முறிச்சு, அதனால ஒனக்கு ஒண்ணு ஆகிப்போச்சுன்னா?"

 இரண்டு வருடமாக நான் உயிரோடு இருப்பதே அந்த நேர்ச்சையால்தான் என்று அவர் நம்பியிருந்தார். அது புரிந்தபோதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "கறியத்தான நேந்தீங்க? என் தொடையையும் சேத்தா நேந்தீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் எழுந்து போய்ப் பின்வாசலில் நின்றார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. என்னை நினைத்தாலும் பாவமாகத்தான் இருந்தது. எழுந்து போய் அவர் பக்கத்தில் நிற்கலாம் என்றால் அதற்கும் அவர்தான் வந்து தூக்கிவிட வேண்டும்.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமைகளில் பங்குச் சாமியார் நோயாளிகள் வீட்டுக்கு நற்கருணை அப்பம் கொண்டுவருவார். எங்கள் மகன் வயதுதான் இருக்கும் அவருக்கு. அந்த மாதம் வந்தபோது எனக்கு நற்கருணை கொடுத்து, செபம் முடித்து, கிளம்பப் போனார். என் கணவர் வாசலை மறித்துக்கொண்டு, திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னார். சாமியார் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"கறிய விட்டது நீங்க. நல்ல காரியம், அப்பிடியே இருங்க. ஆனா டீச்சருக்கு நேந்துக்க நீங்க யாரு? அவங்க நேர்ச்சைய அவங்கதான் செய்ய முடியும். அவங்க சாப்பிடறதுல ஒரு பாவமும் இல்ல."

"வீட்டுக்குள்ளயே வராதுன்னு சொல்லிட்டேனே சாமி."

"அத மாத்திக் குடுக்க எனக்கு அதிகாரம் இருக்கு" என்றார் சாமியார்.  "அதுக்குப் பதிலா ஒண்ணு செய்ங்க. டீச்சருக்கு முட்டையோ மீனோ கறியோ, எதுன்னாலும் ஒங்க கையாலதான் சமைக்கணும். நீங்க தொட்டுக்கூட ருசி பாக்கக் கூடாது. இதான் இனி ஒங்க நேர்ச்சை. சரியா?"

என் கணவர் முகத்தில் அன்று வந்த நிம்மதியை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. சாமியார் தெருமுனை தாண்டும் முன் பையை எடுத்துக்கொண்டு முட்டை வாங்கப் போய்விட்டார். அதிலிருந்து தினமும் அவித்து, உரித்து, மிளகைத் தூவிக் கொண்டுவந்து வைப்பார். அயிரை மீன் கிடைத்தால் குழம்பு. ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் கறி. கறி கொதிக்கும்போது அடுப்படியில் நின்று மூச்சை இழுத்துக்கொள்வார். மணத்தை முகரக் கூடாது என்று சாமியார் சொல்லவில்லையே என்பார்.

சாப்பிடுவது சுகமான காரியம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பசியே இல்லாமல், உப்பே இல்லாமல், வயிறு தொண்டை வரை முட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு முட்டையைத் தின்று பாருங்கள். மாத்திரை என்றால் கண்ணை மூடி விழுங்கிவிடலாம். முட்டையை மெல்ல வேண்டும். காலையில் மென்றது மத்தியானம் வரை வாயில் நிற்கும், அதற்குள் அடுத்த தட்டு வந்துவிடும். படுக்கப் போகும்போது பாலும் பொட்டுக்கடலை உருண்டையும். பல நாள் உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு, யாருக்காக இத்தனை பாடு என்று அலுத்துப்போய் உட்கார்ந்திருப்பேன். அவர் எதிரே உட்கார்ந்து நான் முடிக்கும் வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்.

சாப்பாட்டை விடக் கஷ்டம் எழுந்து உட்காருவது. பிசியோதெரபிப் பெண் எனக்கு ஒரு வழி சொல்லியிருந்தாள். டி.வி.யில் நாடகம் பார்க்கும்போது விளம்பரம் வந்தால் எழுந்து எழுந்து உட்கார வேண்டும். முதலில் கை ஊன்றிக்கொள்ளலாம், பிறகு ஒரு கை, பிறகு கை இல்லாமல். நாடகத்தில் மாமியார் மருமகளுக்கு விஷம் வைக்கப் போகிற நேரம் பார்த்து விளம்பரம் போடுவார்கள். அவள் குடித்தாளா இல்லையா என்று தெரிவதற்குள் எனக்குத் தொடை நடுங்கிப்போகும். என் கணவரிடம் அந்தப் பெண் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள், "சார், நீங்க கிட்ட நிக்கணும். தொடக் கூடாது." தலைக்கறியை விட்டவருக்கு இதை விட முடியவில்லை. நான் பாதி எழும்பித் திணறும்போது அவர் கை தானாக வந்துவிடும். நான் தட்டிவிடுவேன்.

"விழுந்து தொலையட்டும்னு பாத்துக்கிட்டு நிக்கச் சொல்றியா?" என்று ஒரு நாள் கத்தினார். என்னிடம் அவர் குரல் உயர்த்தியது அபூர்வம்.

"ஆமா. அப்பிடித்தான் நிக்கணும்" என்று நானும் கத்தினேன்.

அன்றிலிருந்து விளம்பரம் வந்தால் அவர் வாசல் கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொள்வார்.

கொஞ்சம் கொஞ்சமாக வேலைகள் என்னிடம் திரும்பின. துணி மடித்தேன். காய் நறுக்கினேன், நின்றுகொண்டே. சின்னக் குடத்தில் தண்ணீர் பிடித்துச் செடிகளுக்குக் கொண்டுபோய் ஊற்றினேன். அப்படி ஊற்றிக்கொண்டிருந்த ஒரு நாள் மதினி கீழாநெல்லியோடு வந்து இறங்கினார். நோயாளி குடத்தோடு தள்ளாடுகிறாள், தம்பி வராந்தாவில் பேப்பர் படிக்கிறான். மதினிக்கு வந்ததே கோபம்.

"ஏன்டா, நீயெல்லாம் மனுசனாடா? சீக்காளிய வேல வாங்கிட்டு இங்கன ஒக்காந்து பேப்பரா படிக்கிற? ஊரு காறித் துப்பாது?"

ஊர் ஏற்கெனவே பேச ஆரம்பித்திருந்தது. குடித்துக் கெடுத்தவர் என்ற பேர் போய், பெண்டாட்டியைப் போட்டு வாட்டுகிறவர் என்ற பேர் அவருக்கு வந்திருந்தது.  அவர் பேப்பரைக் கீழே வைக்கவில்லை. வெகு நேரமாக ஒரே பக்கத்தை வைத்துக்கொண்டிருந்தார் என்பதும், ஒரு வரியும் படிக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். நான் குடத்தை இறக்கி வைத்துவிட்டு மதினியை உள்ளே கூட்டிப்போனேன். எவ்வளவு விளக்கியும் அவருக்கு மனசு ஆறவில்லை. ஆனாலும் அடுத்த முறை வந்தபோது கீழாநெல்லிக்குப் பதில் நாட்டுக்கோழி முட்டை கொண்டுவந்தார்.

ஒரு கை ஊன்றி எழும் நிலைக்கு வந்திருந்தேன். அப்போது காய்ச்சல் வந்தது. வயிற்று நீரில் கிருமி சேர்ந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். ஒரு வாரத்துக்கு மேல் படுக்கை. வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து எழப் பார்த்தேன், இரண்டு கையும் ஊன்றியும் முடியவில்லை. அவ்வளவு நாள் மென்று விழுங்கியதெல்லாம் ஒரு வாரத்தில் போய்விட்டது. அன்று எனக்கு எல்லாம் வெறுத்துவிட்டது. போதும், என்னை விட்டுவிடுங்கள், கஞ்சியைக் குடித்துவிட்டு ஒரு மூலையில் கிடக்கிறேன் என்று சொன்னேன். வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை, உண்மையாகவே அதைத்தான் விரும்பினேன்.  சாயங்காலம் அவர் முட்டையை அவித்துக் கொண்டுவந்து எதிரே உட்கார்ந்தார். அவரும் மெலிந்திருந்தார், கன்னம் ஒட்டிப்போயிருந்தது. தின்னாமல் இருந்தால் அந்த ஆள் அங்கேயே உட்கார்ந்திருப்பார். அதற்குப் பயந்துதான் தின்றேன். மறுநாள் மறுபடியும் இரண்டு கை ஊன்றித் தொடங்கினேன்.

காய்ச்சலால் டாக்டர் தவணையைத் தள்ளிப்போட்டார். போக வேண்டிய நாள் வந்தபோது வீட்டில் கை ஊன்றாமல் எழ ஆரம்பித்திருந்தேன், சில நாள் ஐந்து தடவையும், சில நாள் மூன்றோடு சரி. எதுவும் நிச்சயம் இல்லை. அதே அறை, அதே மர நாற்காலி, அதே பெண். என் கணவர் சுவரோரம் நின்றார். கையை நெஞ்சில் கட்டிக்கொண்டேன். ஒன்று. இரண்டு. மூன்றில் முழங்கால் நடுங்கியது. நான்கும் ஆயிற்று. ஐந்தாவதில் பாதி எழும்பியதும் உடம்பு அப்படியே நின்றுவிட்டது, மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. அடுத்த நொடி என் அக்குளில் ஒரு கை வந்தது. நான் நின்றுகொண்டிருந்தேன்.

"சார்!" என்றாள் அந்தப் பெண். "நீங்க புடிச்சா நான் எழுத முடியாது சார்."

அவர் தன் கையையே பார்த்தார். தான் செய்ததே அவருக்குத் தெரியவில்லை. எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. கொஞ்ச நேரம் ஓய்வெடுத்துவிட்டு முதலிலிருந்து செய்யலாம் என்றாள் அந்தப் பெண். இன்னொரு முறை ஐந்து எழ என்னால் முடியாது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"நீங்க வெளியில போங்க" என்றேன் அவரிடம். அவர் போனார். கதவு சாத்திக்கொண்டது.

மூன்று வரை எப்படியோ வந்தேன். நான்கில் கண் இருட்டியது. ஐந்தாவதில் மறுபடி அதே இடம், பாதியில் நின்றுவிட்டேன். என் உடம்பு அவர் கைக்காகக் காத்திருந்தது. வராது என்று எனக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் கூடவே இருந்த கை. அது இல்லாமல் அந்த இடத்தில் நான் நின்ற நேரம் போல ஒரு தனிமையை என் வாழ்நாளில் அனுபவித்ததில்லை. எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே எழுந்தேன். அந்தப் பெண் கடிகாரத்தை நிறுத்தி, "ஆச்சு டீச்சர்" என்றாள்.

டாக்டர் பெயரைச் சேர்த்துவிடலாம் என்றார். ஈரல் எப்போது கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதுவரை அடிக்கடி வந்து அதே நாற்காலியில் எழுந்து காட்ட வேண்டும், முடியாமல் போனால் பெயரை நிறுத்தி வைப்பார்கள். அதாவது முட்டையும் விளம்பரமும் குடமும் இனியும் தொடரும். சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்துப் பார்த்தேன். அசதியில் சந்தோஷம் எங்கோ அடியில் கிடந்தது.

வெளியே வந்தேன். வராந்தாவின் கடைசியில் அவர் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். "எந்திரிச்சிட்டேங்க" என்றேன். அவர் உடனே திரும்பவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு, முகத்தைச் சரிசெய்துகொண்டு பிறகுதான் திரும்பினார்.

வாசலுக்குச் சக்கர நாற்காலிகள் இறங்குகிற சரிவு வழியாகப் போனோம். பாதியில் எனக்குக் கால் தளர்ந்தது. அவர் கவனித்துவிட்டார். கை எழுந்தது, என்னைத் தொடும் முன் நின்றது.

"பிடிச்சுக்கவா?" என்று கேட்டார்.

இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை.

"பிடிச்சுக்கங்க" என்றேன். என்னால் தனியாக எழ முடியும் என்பது இப்போது எழுதப்பட்டுவிட்டது. இனி எனக்கு வெட்கம் இல்லை. உடம்பின் பாரத்தைக் கொஞ்சமும் மிச்சம் வைக்காமல் அவர் கையில் போட்டுவிட்டு நடந்தேன்.